பேயின் பக்கம் நிற்கும் கிட்டார்: திகில் காட்சிக்குப் பாட்டா, வயலினா, பேண்டா?

நாங்கள் எடுக்கும் திகில் குறும்படம் மொத்தம் 18 நிமிடம். அதில் ஒரு 40 விநாடிக்குத்தான் மூன்று வாரமாக எங்களுக்குள் வாக்குவாதம்.

காட்சி இதுதான். மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து ஒரு பெண் ஆயர் ஈத்தாமில் இருக்கும் தன் அடுக்குமாடிக்குத் திரும்புகிறாள். லிப்ட் ஓடவில்லை. பதினோரு மாடி ஏறி வருகிறாள். நீளமான நடைபாதை, விட்டு விட்டு எரியும் ஒரு குழல் விளக்கு. கோடி வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. ஆறு மாதமாக அந்த வீட்டில் ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும், படம் பார்க்கிறவருக்கும் தெரியும்.

இயக்குகிற அண்ணன் அங்கே ஒரு ராக் பாட்டு போட வேண்டும் என்கிறார். படத்தொகுப்பு பார்க்கும் அக்காவுக்கு வயலின். நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். ராக் இருக்கட்டும், ஆனால் பாட்டாக வேண்டாம், நாமே உட்கார்ந்து அந்த நடைபாதைக்கென்று வாசிப்போம் என்பது என் கட்சி. மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்சியோடு ஓடவிட்டுப் பார்த்துவிட்டோம். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. இந்த இசை யார் பக்கம் நிற்கிறது? பார்க்கிறவன் பக்கமா, பேயின் பக்கமா?

வயலினை முதலில் முடித்துவிடுகிறேன். 1960-இல் வந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இருந்தவர் இயக்குநர் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. வயலின் குடும்பத்துக் கருவிகளை மட்டும் வைத்து எழுதிக்கொண்டு வந்து காட்டினார், ஹிட்ச்காக் மனம் மாறினார். அந்தக் கீச்சொலி இன்றும் கத்திதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களும் நாடகங்களும் அதையே தீட்டித் தீட்டி மழுங்க வைத்துவிட்டன. இன்றைக்கு வயலின் மெல்ல ஏறத் தொடங்கினாலே தலையணையைக் கட்டிப்பிடிக்க வேண்டிய நேரம் என்று நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. “வருது, வருது” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற இசை அது. காவல்காரன் மாதிரி நம் பக்கத்திலேயே நிற்கிறது. அக்கா போட்டுக் காட்டியபோது எனக்குப் பயம் வரவில்லை, தயாராக இருக்கும் நிலைதான் வந்தது. இரண்டும் ஒன்றல்ல.

பாட்டு விஷயம் அவ்வளவு எளிதில்லை.

அண்ணன் தேர்ந்தெடுத்தது எண்பதுகளின் ஹெவி மெட்டல் பாட்டு ஒன்று. நல்ல பாட்டு, நானே மேடையில் வாசித்திருக்கிறேன். அதைக் காட்சியோடு ஓட்டியபோது எங்கள் மூவருடைய காலும் தாளம் போட்டது. அந்தப் பெண் பயந்து நடப்பவளாகவே தெரியவில்லை, குத்துச்சண்டைக்குப் போகிறவள் போல இருந்தாள். ராக் பாட்டின் இயல்பே அதுதான். டிரம்ஸ் நெஞ்சை நிமிர்த்துகிறது, கிட்டார் முதுகில் தட்டுகிறது. பாடகன் நமக்காகக் கத்துகிறான். உடம்புக்குத் தெம்பு ஊட்டுகிற இசையைப் போட்டுவிட்டு, தெம்பைப் பிடுங்க வேண்டிய காட்சியைக் காட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

இத்தாலியின் டாரியோ அர்ஜெண்டோவே இதில் சறுக்கியிருக்கிறார் என்பது என் கருத்து. 1985-இல் அவர் எடுத்த ‘ஃபினாமினா’வில் அயர்ன் மெய்டன், மோட்டர்ஹெட் பாடல்கள் வருகின்றன. இரண்டும் எனக்கு உயிரான பேண்டுகள். ஆனாலும் அந்தப் பாட்டு தொடங்கிய நொடியே படத்தின் மூச்சு நின்று, கேசட் கடைக்குள் நுழைந்தது போல ஆகிவிடுகிறது. அதே ஆண்டு லாம்பர்ட்டோ பாவா இயக்கி, அர்ஜெண்டோ தயாரித்த ‘டீமன்ஸ்’ படத்தில் மட்டும் இது பலிக்கிறது. திரையரங்குக்குள் மாட்டிக்கொண்ட ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்கை வரிசைகளின் மேல் பாய, ஜெர்மனியின் அக்செப்ட் பேண்ட் முழங்குகிறது. ஏன் பலிக்கிறது? அந்த இடத்தில் பயம் முடிந்து சண்டை தொடங்கிவிட்டது. சண்டைக்கு அந்தப் பாட்டு பொருத்தம். எங்கள் நடைபாதையில் யாரும் சண்டை போடப் போவதில்லை.

பாட்டு பயமுறுத்திய படங்களும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. பாட்டு படத்துக்கு உள்ளே ஒலிக்கிறது. ஜான் கார்ப்பெண்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் இரண்டு பெண்கள் காரில் போகும்போது புளூ ஆய்ஸ்டர் கல்ட் பாட்டு வருகிறது. மரணத்துக்கு அஞ்சாதே என்று மெல்லிய குரலில் சொல்லும் பாட்டு. கொலைகாரன் பின்னாலேயே இன்னொரு காரில் வருகிறான். அதே கார்ப்பெண்டர் 1983-இல் எடுத்த ‘கிறிஸ்டீன்’ படத்தில் காரே பேய். அதற்கு வாய் இல்லை, அதனால் தன் வானொலியில் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாட்டுகளைப் போட்டுப் பேசுகிறது. துள்ளலான பழைய பாட்டுதான். ஆனால் அது பேயின் குரல் என்று தெரிந்த பிறகு அந்தத் துள்ளலே குலைநடுங்க வைக்கிறது.

இதை நாம் வெளியூரில் போய்க் கற்க வேண்டியதில்லை. 1966-இல் வந்த ‘யார் நீ?’ படத்தில் வேதா இசையில் பி. சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ ஒன்று போதும். அந்த வெள்ளைப் புடவை உருவம் இருளில் பாடிக்கொண்டே போகிறது, கதாநாயகன் பின்னாலேயே போகிறான். பாட்டு அங்கே பின்னணி இல்லை. பாட்டுதான் பேய். எங்கள் அம்மா இன்றைக்கும் இரவில் அதை முனக விடமாட்டார். “வெளக்கு வச்ச நேரத்துல அந்தப் பாட்டு எதுக்குடா” என்பார்.

ஆக, அண்ணனின் பாட்டை அந்தக் கோடி வீட்டுக்குள்ளிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வானொலி வைத்தது போல மங்கலாகக் கேட்க வைத்தால் அதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படியும் ஓட்டிப் பார்த்தோம். பயம் வந்தது. ஆனால் பாட்டை எழுதியவர்களிடம் ஒரு உரிமை, ஒலிப்பதிவை வைத்திருப்பவரிடம் இன்னொரு உரிமை என்று இரண்டையும் வாங்க எங்களிடம் பணம் இல்லை. அது மட்டுமில்லாமல் ஒவ்வொரு பாட்டும் தன் பழைய வாழ்க்கையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. நம் நாட்டில் ராக் என்றாலே 1992-இல் நீளமுடி வைத்த பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் வரவிடாமல் செய்ததும், செர்ச், விங்ஸ் பேண்டுக்காரர்கள் முடி வெட்டிக்கொண்டதும் ஒரு தலைமுறைக்கு ஞாபகம் வரும். என் மாமாவுக்கு அந்த கிட்டார் ஒலி இளமை. என் அப்பாவுக்கு அது பிள்ளை கெட்டுப் போகிற சத்தம். நடைபாதையில் நடக்கும் பெண்ணுக்கு இந்த இரண்டுமே வேண்டாத சுமை.

இனி என் கட்சி.

1975-இல் அர்ஜெண்டோ ‘டீப் ரெட்’ படத்துக்கு ஜியார்ஜியோ காஸ்லினி என்ற ஜாஸ் கலைஞரின் இசையை வைத்துக்கொண்டு திருப்தியில்லாமல் தவித்தார். பிங்க் ஃபிளாய்டைக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது கிளாடியோ சிமொனெட்டியும் நண்பர்களும் சேர்ந்த கோப்ளின் என்ற இளைஞர் பேண்ட். இரண்டு ஆண்டு கழித்து அதே கூட்டணியில் ‘சஸ்பீரியா’. அந்தப் படத்துக்கு இசையின் முதல் வடிவத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே செய்துவிட்டார்கள். நடிகர்கள் நடிக்கும்போது செட்டில் அதை உரக்க ஒலிக்கவிட்டார் அர்ஜெண்டோ. எடுத்து முடித்த காட்சியின் மேல் இசையைப் பூசவில்லை, இசைக்குள் நின்று காட்சியை எடுத்தார். வாத்தியங்களைக் கவனித்தால் கிரேக்கத்து பூஸூக்கி, மூக் சிந்தசைசர், கூடவே நம் தபலா! அவற்றுக்கு மேல் தொண்டையைச் சுரண்டுவது போல ஒரு கிசுகிசுப்பு.

படத்தின் தொடக்கத்தை மட்டும் யாராவது திரும்பப் போட்டுப் பாருங்கள். ஜெர்மனிக்கு நடனம் கற்க வந்த பெண் விமான நிலையத்திலிருந்து வெளியேறுகிறாள். வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. கதவு திறக்கும்போது இசை கேட்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி அந்த இசை. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நொடியில் நமக்குப் புரிந்துவிடுகிறது: இந்த இசை நமக்காக வாசிக்கப்படவில்லை, அது வெளியே காத்திருக்கிறது. ராக் இசை பேயின் பக்கம் போய் நிற்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு காட்சி எனக்குத் தெரியாது.

அக்கா இங்கே நியாயமான ஒரு கேள்வி கேட்டார். “சரி தம்பி, ராக்ல எது பயமுறுத்துது? சத்தமா?”

வழக்கமாக இதற்கு இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, சுரங்களுக்கு இடையிலான தூரம். பிளாக் சப்பாத் பேண்ட் 1970-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே இதற்கு எடுத்துக்காட்டு. சட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குப் போகும் அந்தத் தூரத்தைச் சாத்தானின் இடைவெளி என்று மேலைநாட்டார் சொல்வார்கள். (அந்த பேண்டின் பெயரே போரிஸ் கார்லோஃப் நடித்த ஒரு திகில் படத்தின் தலைப்பிலிருந்து எடுத்தது.) இன்னொன்று, ஒற்றைப்படைத் தாளம். ‘ஹாலோவீன்’ பியானோ ஐந்து ஐந்தாக நடக்கும். கார்ப்பெண்டருக்கு அந்தத் தாளத்தைச் சிறுவயதில் போங்கோ முரசில் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா.

ஆனால் நம் காதுக்கு இந்த இரண்டு பதிலும் போதாது. பிரதி மத்தியமம் இல்லாமல் கல்யாணி ராகம் ஏது? நாதஸ்வரத்தில் கல்யாணி கேட்காத கல்யாணம் ஏது? ஐந்து எண்ணிக்கை என்றால் நமக்குக் கண்டம், தகதகிட என்று குழந்தை கைதட்டிப் படிக்கிற கணக்கு. சாத்தானுக்கு அங்கே வேலையே இல்லை. இந்த எண்ணிக்கைகளில் பயம் ஒளிந்திருந்தால் குயீன் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாதிக் கூட்டம் ஓடியிருக்கும்.

எனக்குப் பட்ட பதில் கரகரப்பு. ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் ஓட்டும்போது ஒலி அலையின் உச்சி நறுக்கப்பட்டுவிடுகிறது. அதனால் வாசிக்காத மேற்சுரங்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அளவுக்கு மீறிக் கத்தும் தொண்டையும் இதையேதான் செய்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேனியல் புளும்ஸ்டீன், மர்மோட் என்ற அணில் இனத்தின் குட்டிகள் பயத்தில் போடும் கூச்சலைக் கவனித்தவர். அவருடைய குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் திரைப்பட ஒலித்தடங்களை எடுத்துப் பார்த்தது. திகில் படங்களில் அதே மாதிரி பிசிறடிக்கும் இரைச்சலும் அலறலும் கூடுதலாக இருந்தன. குட்டியின் அலறல் கேட்டால் தாய் விலங்கு துள்ளி எழுகிறது. முறுக்கேறிய கிட்டாரைக் கேட்டு நாம் துள்ளுவதும் அந்த வழியில்தான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கரகரப்புக்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. உறுமி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளக் குழு நெருங்கும்போது நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலை அழுத்தித் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து ஒரு விலங்கு முனகுகிறது. காவடிக்காரரின் கண் மாறுகிறது. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் எந்த டிஸ்டார்ஷன் பெட்டியும் அந்த முனகலுக்கு ஈடாகாது. சரி, நடைபாதைக்கு உறுமிதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அம்மா சம்மதிக்கவில்லை. சமையலறையிலிருந்து வெளியே வந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சாமி வர்றதுக்கு அடிக்கிறதப் பேய் வர்றதுக்கு அடிப்பீங்களாடா?”

பதில் சொல்ல முடியவில்லை. உறுமியை அருளோடு கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தக் கருவிக்கும் ஒரு பழைய வாழ்க்கை இருக்கிறது, அண்ணனின் பாட்டுக்கு இருந்ததைவிடக் கனமான வாழ்க்கை. அந்தச் சுமையை அந்த 40 விநாடியின் தலையில் வைக்க எனக்கும் மனம் வரவில்லை.

கருவியை விட்டுவிட்டு உரசலை மட்டும் எடுத்துக்கொண்டேன். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வெறும் கம்பி இல்லை, அதன் மேல் மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். 20 சென் நாணயத்தின் விளிம்பை அதன் மேல் வைத்துப் கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பாலத்திலிருந்து கிட்டாரின் கழுத்துப் பக்கம் மெதுவாக இழுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் நாணயம் தட்டித் தட்டிப் போகும். வேகத்தைக் குறைத்தால் உறுமல், கூட்டினால் அலறல். ஆம்ப்ளிஃபயரைப் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, கதவுக்கு வெளியே மைக் வைத்துப் பதிந்தோம். தாளம் இல்லை, ராகம் இல்லை. ஆனாலும் ராக் கிட்டார்தான்.

காட்சியோடு ஓட்டினோம். முதல் 22 விநாடி இசையே கிடையாது, அவளுடைய செருப்புச் சத்தமும் குழல் விளக்கின் இரைச்சலும் மட்டும். அவள் மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது கோடி வீட்டுக் கதவு காற்றில் இன்னும் ஒரு விரற்கடை திறக்கிறது, உரசல் உள்ளே இருந்து கேட்கிறது. கதவு திரும்பிச் சாய்கிறது, உரசல் நிற்கிறது. அவளும் நிற்கிறாள்.

அக்கா வயலினைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசிக் காட்சியில் பெயர்கள் ஓடும்போதாவது தன் பாட்டு வேண்டும் என்கிறார். அங்கே போடலாம். எல்லாரும் எழுந்து வெளியே போகிற நேரத்தில் கொஞ்சம் தெம்பு தேவைதான்.

அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து முழுதும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எங்கள் வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து, “இன்னொரு தரம் போடு” என்றார்.