ஹைபிரிட் காரின் பிரேக்: பல வருஷம் ஓட்டிய பிறகும் தீராத ஒரே குறை

"ஹைபிரிட்ல பிரேக் பிடிக்காமப் போயிருமாமே, நெசமா?" பழைய ஹைபிரிட் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிய நண்பரின் கேள்வி இது. ஆமாம், இல்லை என்று போனில் ஒற்றை வார்த்தையில் முடிக்கிற சங்கதி இல்லை. மைலேஜ், இடவசதி, பேட்டரி ஆயுள் பற்றியெல்லாம் பலரும் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். இத்தனை வருஷம் ஓட்டியும் மனசுக்கு ஒட்டாமல் நிற்பது பிரேக் பெடல் ஒன்றுதான். அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். என் வண்டி எந்தக் கம்பெனி என்று போடவில்லை. சொல்லப்போவதில் பெரும்பகுதி எல்லா ஸ்ட்ராங் ஹைபிரிடுக்கும், அதாவது இன்ஜின் இல்லாமல் மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் ஓட்டக்கூடிய வண்டிகளுக்கும், பொருந்தும்.

சாதாரணக் காரில் பெடலை மிதித்தால் கால் விசை பூஸ்டர் உதவியோடு நேராக பிரேக் ஆயிலைத் தள்ளும், பேட் என்ற கட்டை சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கைப் பிடிக்கும். ஸ்ட்ராங் ஹைபிரிட் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. கால் மிதிப்பது ஒரு ஸ்பிரிங்கை. எவ்வளவு மிதித்தீர்கள் என்று சென்சார் அளக்கிறது. அந்த அளவை கம்ப்யூட்டர் இரண்டாகப் பங்கு வைக்கிறது. ஒரு பங்கை மோட்டாரே ஜெனரேட்டராக மாறி இழுத்துப் பிடித்து, கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும், இதுதான் ரீஜென். மறு பங்கு, பம்ப் அழுத்தித் தயாராக வைத்திருக்கும் ஆயிலின் வேலை. இந்தப் பங்கு மாறும் நேரங்களில்தான் 'பிரேக் ஏதோ பண்ணுது' என்கிற புகார் எல்லாம் வருகிறது.

தினமும் எரிச்சல் தருவது கடைசி ஒரு மீட்டர். வேகம் 10 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் மோட்டாரால் போதுமான அளவு இழுக்க முடியாது. அந்த இடத்தில் ரீஜென் விலகி ஆயில் பிரேக் முழுப் பொறுப்பை எடுக்கிறது. காலை நீங்கள் அசைக்கவே இல்லை, வண்டி வெடுக்கென்று நிற்கும். மதுரையின் மாசி வீதிகளிலும் சிம்மக்கல்லிலும் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது இது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடக்கும். பின் சீட்டில் பெரியவர்கள் இருந்தால் தலை முன்னால் போய்த்தான் வரும். மழைக்கு மறுநாள் காலையிலும், வண்டி கழுவிய மறுநாளும் இன்னும் மோசம். ரீஜென் பெரும்பாலான வேலையைச் செய்வதால் டிஸ்க் தேய்வதில்லை. தேயாத டிஸ்கில் துரு நிற்கும். துருப் பிடித்த டிஸ்கை பேட் கவ்வும்போது வெடுக் இரட்டிப்பாகும்.

இதற்கு ஓரளவு வைத்தியம் உண்டு. நிற்பதற்குச் சற்று முன் பெடலில் கால் அழுத்தத்தைப் பாதியாகக் குறைப்பது ஒன்று. மற்றது டிஸ்கைச் சுத்தம் செய்வது: ரிங் ரோட்டில் பின்னால் வண்டி எதுவும் வராத சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நியூட்ரலில் ரீஜென் வேலை செய்யாது, முழு பாரமும் பேடுக்குப் போகும், துரு உரிந்துவிடும். நாலைந்து முறை போதும். இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது.

அடுத்தது, கேள்விப்படுகிறவர்களை உண்மையிலேயே பயமுறுத்துவது. மிதமாக மிதித்துக்கொண்டே வரும்போது ஒரு சக்கரம் பள்ளத்திலோ, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ரோட்டின் மண்ணிலோ, வேகத்தடை முனையிலோ பிடி இழக்கிறது. மோட்டாரின் இழுவையை ஒரு சக்கரத்துக்கு மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டர் ரீஜென்னை மொத்தமாக விடுவித்துவிட்டு ஆயில் பிரேக்கிடம் கொடுக்கிறது. அந்த மாற்றத்தில் கண நேரம் வண்டி முன்னால் வழுக்கிய மாதிரி இருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகும். கால் வினாடி என்றாலும் கிட்டத்தட்ட 3 மீட்டர். முன்னால் பைக் நின்றால் அந்த 3 மீட்டர் சாதாரண விஷயமா? 2010 பிப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். பாகம் எதையும் மாற்றவில்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போதைய வண்டிகளில் இடைவெளி ரொம்பக் குறைந்திருக்கிறது, ஆனால் முழுசாகப் போகவில்லை.

அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே: இன்னும் அழுத்தி மிதியுங்கள். பழைய கார் பழக்கத்தில் காலை எடுத்து மறுபடி மிதிப்பவர்கள்தான் இடித்துக்கொள்கிறார்கள். அழுத்தம் கூடினால் ஆயில் பிரேக் உடனே ஏறும். இந்த வழுக்கல் அடிக்கடி வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டயரை. மலிவு விலையில் இரண்டு டயர் மட்டும் மாற்றி, முன்னொரு பிராண்ட் பின்னொரு பிராண்ட் என்று ஓட்டினால் சென்சார் அடிக்கடி 'வழுக்குது' என்று கணக்குப் போட்டு ரீஜென்னை வெட்டும். மைலேஜுக்காகக் காற்றை அளவுக்கு மேல் அடிப்பதும் அதே வேலையைச் செய்யும்.

கொடைக்கானல் இறக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு ஏறத்தாழ 1,800 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 7 யூனிட் கரண்ட். டயர் உராய்விலும் காற்றிலும் பாதி போனாலும் மூன்று நான்கு யூனிட் மிச்சம். ஸ்ட்ராங் ஹைபிரிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1 யூனிட்டைச் சுற்றித்தான். அதிலும் பாதிக்கு மேல் பயன்படுத்த விடமாட்டார்கள். ஆக, பெருமாள்மலை தாண்டும்போதே பேட்டரி நிறைந்துவிடும், ரீஜென் கிட்டத்தட்ட நின்றுவிடும், மீதி மலை முழுக்க பேட்தான் தாங்க வேண்டும். மேலே சொகுசாகப் பிடித்த பெடல் டம்டம் பாறை வருவதற்குள் வேறு மாதிரி ஆவது இதனால்தான். இது கோளாறு இல்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் கோளாறாகிவிடும்.

எனவே கியரை 'B' நிலைக்கு (இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்கும் நிலை; பார்க்கிங் 'P' இல்லை) முதல் வளைவிலேயே மாற்றுங்கள். பேட்டரி நிறைந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். பேட்டரியில் இடமில்லாதபோது அந்தக் கரண்டை வைத்து, பெட்ரோல் செலவில்லாமல் இன்ஜினைச் சும்மா சுற்ற விட்டு வண்டியைக் கம்ப்யூட்டர் பிடித்து வைக்கும். இன்ஜின் கத்தும். கத்தட்டும், அது வண்டியைக் காப்பாற்றுகிற சத்தம். சத்தம் பிடிக்காமல் நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்; ரீஜென்னும் இல்லை, இன்ஜின் பிடியும் இல்லை, பழைய பிரேக் ஆயிலோடு அது உயிரோடு விளையாடுவது. திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே முறைதான், தூரம் குறைவு என்பதால் அங்கே பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். டிஸ்க் வாசனை வந்துவிட்டால் ஓரங்கட்டி இருபது நிமிஷம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும்.

பிரேக் ஆயில் என்று வந்ததால்: அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் குடித்த பிறகு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, 140. மலையில் டிஸ்க் சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பேட் தேயவில்லை என்பதால் ஹைபிரிடில் யாரும் பிரேக் பக்கமே போவதில்லை, ஆயில் அப்படியே கிழடாகிறது. கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இனி நிஜமான கோளாறு. பம்ப் ஏற்றும் அழுத்தத்தைச் சேமித்து வைப்பது அக்யுமுலேட்டர் என்ற சிறு கலம். அதற்குள் நைட்ரஜன் வாயு இருக்கும். அது கசிந்தாலும், பம்பும் வால்வுகளும் சேர்ந்த ஆக்சுவேட்டர் என்ற பெட்டிக்குள் வால்வு கசிந்தாலும் சேமிப்பு நிற்காது. 2013 ஜூனில் டொயோட்டா சுமார் 2.4 லட்சம் பிரியஸ், லெக்சஸ் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இந்த நைட்ரஜன் கசிவுதான். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும், நிற்கும் தூரம் கூடும். சிறு மோட்டாரே நேராக ஆயிலை அழுத்தும் 'மோட்டார் சர்வோ' வகையில் இந்தக் கலமே கிடையாது, அதில் இந்த வியாதியும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கக் காது போதும். அமைதியான இடத்தில் வண்டியை ரெடி நிலையில் (பவர் பட்டன் போட்டு READY விளக்கு எரியும்படி) வைத்து, ஏசி, பாட்டு எல்லாம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பெடலைச் சில முறை மிதித்த பிறகு பம்ப் சில வினாடி உறுமி நின்றால் நலம். கதவைத் திறந்தவுடன் கேட்கும் சிறு உறுமலும் சில மாடல்களில் இயல்பு. ஒவ்வொரு மிதிக்கும் ஓடினால் சந்தேகம். பெடலைத் தொடாமலே நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடினால் உள்ளே கசிவு நிச்சயம். டொயோட்டா வகை சிஸ்டத்தில் ஸ்கேனர் போட்டால் கோளாறு எண் சி1391, சி1252, சி1256 என்று வரும்: அழுத்தக் கசிவு, பம்ப் அளவுக்கு மேல் ஓடுவது, அழுத்தம் குறைவு. இதைக் கொண்டுபோய்க் காட்டும்போது "ஹைபிரிட்னா எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னால் விடாதீர்கள். கடைசி மீட்டர் வெடுக்குக்கு அந்தப் பதில் சரி. பம்ப் தானாக ஓடுவதற்கு அது பதிலே இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மூடிவைப்பதுதான் இந்த வண்டிகளின் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கேளுங்கள்.

ஓடும்போது சிவப்பு பிரேக் விளக்கும் பஸ்ஸரும் வந்தால் பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் மிச்சமிருக்கும் அழுத்தத்தைத் தின்னும். ஒரே மிதியாக, முழு பலத்தோடு, தேவையானால் இரண்டு காலாலும் மிதியுங்கள். அழுத்தம் போனாலும் பெடலிலிருந்து சக்கரத்துக்கு நேரான ஆயில் வழி திறந்திருக்கும்; பூஸ்டர் இல்லாததால் கல் மாதிரி கனக்கும், அவ்வளவுதான். கூடவே கியர் 'B' நிலை. மின்சாரக் கைப்பிரேக் என்றால் ஓடும்போது சுவிட்சைப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள். பவர் பட்டனை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

12 வோல்ட் பேட்டரியையும் சேர்த்துச் சொல்கிறேன். கம்ப்யூட்டரும் வால்வும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நின்ற வண்டியில் 12.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். பாதிப் பிரேக் எச்சரிக்கைகள் அதோடு போய்விடும்.

பேட் மாற்றவோ பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ் போடவோ தெருமுனைக் கடையில் விடுகிறீர்கள் என்றால் ஒன்றைச் சொல்லிவிட்டு விடுங்கள். சில மாடல்களில் சாவி பக்கத்தில் வந்தாலோ கதவு திறந்தாலோ பம்ப் எழுந்துகொள்ளும், பிஸ்டன் வெளியே தள்ளும், கை உள்ளே இருந்தால் நசுங்கும். சாவியைத் தூரமாக வைத்து, 12 வோல்ட் நெகட்டிவ் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். ஆயில் டப்பாவில் அளவு குறைவாகத் தெரிகிறதே என்று நிரப்பவும் கூடாது. அக்யுமுலேட்டரில் அழுத்தம் ஏறியிருக்கும்போது அளவு இறங்கித்தான் இருக்கும், அழுத்தம் இறங்கினால் வழிந்துவிடும். ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, பெரும்பாலும் ஸ்கேனர் இல்லாமல் முடியாத வேலை. ஆக்சுவேட்டர் மாற்றினால் வால்வு அளவைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட வண்டி எல்லா வேகத்திலும் வெடுக்கென்று பிடிக்கும். ஸ்லைடு பின்களை வருஷம் ஒருமுறை கழற்றி சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். வேலை இல்லாத பின் இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும்.

இத்தனை குறை சொன்ன பிறகு நியாயமும் சொல்ல வேண்டும். மதுரை நெரிசலில், சாதாரண ஆட்டோமேட்டிக் பேட் தின்று தீர்க்கிற இடத்தில், இதில் பேட் பாதிகூடத் தேயவில்லை. கொடைக்கானல் இறங்கி வந்தும் 'B' நிலை ஒழுங்காகப் பயன்படுத்தினால் சக்கரத்தில் சூடு அதிகம் ஏறுவதில்லை. திடீர் பிரேக்கில், முழுசாக மிதித்தால், எந்தத் தயக்கமும் இல்லாமல் நேராக நிற்கிறது. விற்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆனாலும் நண்பரே, அந்தப் பழைய வண்டியை விட்டுவிடுங்கள். விற்பவர் காட்டும் 8 வருஷ, 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி ஹைபிரிட் பேட்டரிக்கு. பிரேக் ஆக்சுவேட்டர் அதில் சேராது, சாதாரண வாரண்டி முடிந்திருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில், அதுவும் லட்சக் கணக்கில். மனசு கேட்கவில்லை என்றால், பிரேக் ஆயில் மாற்றிய பில்லையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்து, காலையில் குளிர்ந்த வண்டியில் அந்தப் பம்ப் எத்தனை முறை ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.