மைட்டோகாண்ட்ரியாவில் எந்தப் பக்கம்? ஒளி நுண்ணோக்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும்

2011இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே புரதத்தைத் தனித்தனியே அடையாளம் கண்டன. கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடும் வாயில் அது, எம்.சி.யூ. என்று பெயர். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் அது பதிந்திருக்கிறது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அதன் இரு முனைகளும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதில்தான் பிணக்கு. உட்சவ்வுக்கு உள்ளேயுள்ள மேட்ரிக்ஸ் என்ற பகுதியின் பக்கம் என்றது ஒரு குழு. இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் என்றது மற்றது. எந்த நுண்ணோக்கியைத் தேர்ந்தெடுப்பது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒளி நுண்ணோக்கி. ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிரும் புரதத்தை நம் புரதத்தோடு மரபணுவிலேயே ஒட்டிவிட்டால், செல் உயிரோடு இருக்கும்போதே அது எங்கே போகிறது என்று பார்க்கலாம். இருட்டறையில் உட்கார்ந்து, பச்சை இழைகளாக மைட்டோகாண்ட்ரியா நீள்வதையும் இரண்டாகப் பிரிவதையும் மறுபடி சேர்வதையும் பார்ப்பதற்கு ஈடான அனுபவம் ஆய்வகத்தில் வேறில்லை. ஆனால் 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே வகுத்த எல்லை குறுக்கே நிற்கிறது: ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். எம்.சி.யூ. வழக்கில் பேச்சுக்குள்ளான இடுக்கோ சுமார் 20 நானோமீட்டர்தான். ஆகவே இரு தரப்பு சொல்வதும் அதே பச்சை இழையாகத்தான் தெரியும்.

2014இல் நோபல் பரிசு பெற்ற மீநுண் ஒளிமுறைகள் இந்த எல்லையை 20 முதல் 50 நானோமீட்டர் வரை இறக்கிவிட்டன. பெரிய சாதனை. இருந்தும் ஒரு குறை தீரவில்லை. நாம் ஒளியேற்றிய புரதம் மட்டுமே தெரியும். சாயமேறாத சவ்வு இருட்டிலேயே கிடக்கும். சுவர் தெரியாதபோது சுவருக்கு எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது?

எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுவது அந்தச் சுவரைத்தான். செல்லை இரசாயனத்தால் உறையவைத்து, ஆஸ்மியம் என்ற கன உலோகத்தை ஏற்றி, பிசினில் புதைத்து, வைரக் கத்தியால் சீவுகிறோம். கத்தியை ஒட்டிய சிறு தொட்டியின் நீரில் சீவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வரும். வெள்ளி நிறத்தில் மின்னினால் 70 நானோமீட்டர் அளவில் இருக்கிறது என்று பொருள், பொன்னிறமானால் தடித்துவிட்டது. நல்ல சீவலில் இரண்டு சவ்வுகளும் இரண்டு கோடுகளாகத் தெளிவாகத் தெரியும். உயிரசைவு மட்டும் போய்விட்டது. எல்லாப் புரதமும் ஒரே சாம்பல் நிறமாகவும் இருக்கும். நம்முடையது எது என்று காட்ட இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தங்கத் துகள். 10 நானோமீட்டர் தங்கமணியைச் சுமந்த எதிர்ப்பொருள் புரதத்தைத் தேடிப் பிடிக்கும், கரும்புள்ளிகளை எண்ணிக்கொள்ளலாம். எண்ணிக்கைதான் கேள்வி என்றால் இன்றும் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் எதிர்ப்பொருள் செல்லுக்குள் எளிதில் நுழையாது. செல்லை நன்றாக உறையவைத்தால் அது பற்ற வேண்டிய இடமே மறைந்துபோகும். லேசாக உறையவைத்தால் சவ்வு சிதையும். இரண்டு எதிர்ப்பொருள்களை அடுக்கினால் தங்கமணி புரதத்திலிருந்து 20 நானோமீட்டர் வரை தள்ளி நிற்கலாம். நம் இடுக்கின் அகலமும் அதுவே!

இன்னொன்று நொதி. குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ் பழைய கருவி; சைட்டோபிளாசத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அது வேலை செய்வதில்லை. 2012இல் ஆலிஸ் டிங் குழு அவரைக் குடும்பத் தாவர நொதி ஒன்றைத் திருத்தி ஏபெக்ஸ் என்ற, நம் புரதத்தோடு மரபணுவிலேயே ஒட்டக்கூடிய அடையாளத்தை உருவாக்கியது. வலுவாக உறையவைத்த செல்லிலும் அது உயிர்ப்போடு இருக்கும். டி.ஏ.பி. என்ற சேர்மத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஊற்றினால், நொதி இருக்கும் இடத்தில் கரையாத பழுப்புப் படிவு உண்டாகும்; அதில் ஆஸ்மியம் ஏறிக் கறுக்கும். அந்தப் படிவு சவ்வைத் தாண்டாது என்பதே இதன் பெரும் பலம். எம்.சி.யூ.வின் இரு முனைகளிலும் ஏபெக்ஸைப் பொருத்திப் பார்த்தார்கள். மேட்ரிக்ஸ் கறுத்தது, இடுக்கு வெளுப்பாகவே இருந்தது. வழக்கு தீர்ந்தது.

இதிலும் சறுக்கல் உண்டு. படிவை எண்ண முடியாது. வினையை நீளவிட்டால் கறுப்பு பரவி, பார்க்க வந்த நுண்ணமைப்பையே மூடிவிடும். அதனால் சாதாரண நுண்ணோக்கியின் கீழ் வைத்து, செல் தேநீர் நிறத்துக்கு வந்ததும் கழுவிவிடுகிறேன், சில நிமிடங்கள்தான்.

செலவையும் சொல்ல வேண்டும். ஒளிப்படம் ஒரே நாளில் கிடைக்கும், சீவல் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். ஆகவே எந்தப் புரதமானாலும் முதலில் பச்சை ஒளியில் பார்க்கிறேன். சரியான உறுப்பில் தெரிந்த பிறகுதான் ஏபெக்ஸ், அதன் பிறகே பிசின். அப்போதும் ஏபெக்ஸ் இல்லாத செல் ஒன்று அதே படத்தில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதன் மைட்டோகாண்ட்ரியா வெளுப்பாக இருந்தால்தான் இதன் கறுப்பை நம்புகிறேன்.