கலிஃபோர்னியாவில் என் பழிவாங்கல் வழக்கை நடத்திய வக்கீல் அலுவலகம்: என் மதிப்பீடு

மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பில்லிங் பார்த்தேன். செய்யாத பரிசோதனைகளுக்கு மெடிகேருக்கு (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) பில் போவதைக் கண்டு மேலாளருக்கு மெயில் போட்டேன். அடுத்து வந்த மதிப்பீட்டிலேயே "குழுவோடு ஒத்துப்போவதில்லை" என்று எழுதி, வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அதுவரை வந்த மதிப்பீடுகள் எல்லாம் நல்லவை.

தொழிலாளர் தரப்பு வழக்குகளை மட்டும் எடுக்கும் சிறிய அலுவலகம் இது. முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. நான் அநியாயத்தைச் சொல்லி அழுதுகொண்டிருக்க, வக்கீல் அம்மா கேட்டது ஒன்றுதான்: "உங்களை நீக்க முடிவெடுத்தவருக்குப் புகார் விஷயம் தெரியுமா? தெரியும் என்று எதை வைத்துக் காட்டுவோம்?" வழக்கே அந்தக் கேள்வியில்தான் நின்றது. நீக்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட எச்.ஆர். அதிகாரி தனக்கு எதுவும் தெரியாது என்று சாதித்தார். டிஸ்கவரியில் (விசாரணைக்கு முன் எதிர்த்தரப்பிடம் ஆதாரங்களைக் கேட்டுப் பெறும் கட்டம்) கம்பெனி மெயில்களைக் கேட்டு வாங்கி, மேலாளர் என் மெயிலை அவருக்கே ஃபார்வர்ட் செய்திருந்ததைத் தேதியோடு எடுத்து வைத்தார்கள். அந்த வேலைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் தகும்.

சட்டத்தையும் புரியும்படி சொன்னார்கள். முறைகேட்டைப் புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்னும் மாநிலத் தொழிலாளர் சட்டப் பிரிவான லேபர் கோட் 1102.5-இன் கீழ் வழக்குப் போட்டால், நீக்கியதற்குப் புகாரும் ஒரு காரணமாக இருந்தது என்று நாம் காட்டினால் போதும். அது மட்டுமே காரணம் என்று காட்டத் தேவையில்லை. பிறகு, புகார் இல்லாவிட்டாலும் நீக்கியிருப்போம் என்பதைத் தெளிவான, வலுவான ஆதாரத்தோடு கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். 2022-இல் லாசன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2024 முதல் இன்னொரு பலமும் உண்டு: புகார் கொடுத்து 90 நாளுக்குள் நடவடிக்கை வந்தால், பழிவாங்கல் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். மறுத்துக் காட்டுவது கம்பெனியின் பாடு.

டெபாசிஷனுக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கச் சத்தியம் செய்து தரும் வாக்குமூலம்) முன் ஒத்திகை பார்த்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குடைவதுபோலவே குடைந்தார்கள், சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையான டெபாசிஷனில் ஒரு இடத்திலும் நான் தடுமாறவில்லை. வேலை தேடிய விண்ணப்பங்களை எல்லாம் சேர்த்து வைக்கச் சொன்னதும் உதவியது. சும்மா உட்கார்ந்திருந்தார் என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்க எதிர்த்தரப்பு முயன்றபோது அதுவே பதிலானது.

குறையும் உண்டு. போன் செய்தால் உதவியாளர்தான் பேசுவார், பதில் வர நாளாகும். வென்றால் மட்டும் கிடைக்கும் தொகையில் சதவீதம் கட்டணம் என்பது உண்மை, ஆனால் டெபாசிஷன் எழுத்துப்படிச் செலவு அதில் சேராது, தனியாகக் கழிப்பார்கள். கட்டண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். வழக்கை மீடியேஷனில் (நடுவர் முன்னிலையில் சமரசப் பேச்சு) முடித்துக்கொண்டோம், தொகையைச் சொல்ல சமரச ஒப்பந்தம் இடம் தராது.

எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: இவர்கள் இமிக்ரேஷன் பார்ப்பதில்லை. வேலை போனதும் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான், அதற்கு வேறு வக்கீலை உடனே பிடியுங்கள்.