படர்தாமரைக்கு இட்ராகொனசோல்: மாத்திரைப் பையை மொத்தமாக டாக்டர் முன்னால் கொட்டுங்கள்

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் இருக்கிறோம். பாவாடை நாடா இறுகும் இடுப்பில் ஆரம்பித்த படர்தாமரை தொடை இடுக்கு வரைக்கும் பரவி, தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்துக் கேப்சூலை மாதக் கணக்கில் சாப்பிட்டு முடித்திருக்கிறேன். இப்போது நமைச்சலும் இல்லை, வட்டமும் இல்லை. நல்ல மருந்துதான். ஆனால் அது வேலை செய்யுமா, உடம்பைக் கெடுக்காமல் இருக்குமா என்பதெல்லாம் அதோடு சேர்ந்து வயிற்றுக்குள் வேறு என்னென்ன போகிறது என்பதைப் பொறுத்தது. அதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டரம்மா தோலைப் பார்த்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடுறீங்களா?" போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பான்டோப்ரசோல் காபி மாதிரி, எழுந்ததும் ஒன்று உள்ளே போகும். இட்ராகொனசோல் கேப்சூல் கரைந்து ரத்தத்தில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ஃபமோடிடின் எல்லாமே அந்த அமிலத்தைக் குறைக்கிற மருந்துகள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் விலை கொடுத்து வாங்கின கேப்சூலில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடும், நாம் என்னவோ மருந்து கேட்கவில்லை என்று டாக்டரை மாற்றிக்கொண்டிருப்போம். எனக்கு அது வெறும் பழக்கம்தான் என்பதால் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் குடல்புண்ணுக்காகவோ, இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுவதாலோ அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் நாமாக நிறுத்தக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் திரவம் குடித்தே ஆகவேண்டும் என்றால் கேப்சூல் போட்டு 2 மணி நேரமாவது போகட்டும் என்றார்.

அடுத்தது சாப்பாடு. நாலு பிஸ்கட்டுக்குப் பிறகு போடுகிற மருந்து இல்லை இது, மதியமும் ராத்திரியும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்த கையோடு போட வேண்டும், உடைத்தோ மென்றோ போடாமல் முழுசாக விழுங்க வேண்டும். இதே மருந்து திரவமாகவும் வருகிறது, அதற்கு நேர் எதிர், வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு வருடா வருடம் நான் ஒருபொழுது இருப்பேன். அந்த வருடம் என் மாமியாரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஆத்தாவுக்குத் தெரியாததா, மருந்து முடியட்டும், அடுத்த வருசம் இருந்துக்கலாம்" என்றார். மருமகள் விரதத்தை விடுவது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அத்தைக்கும், அதாவது என் மாமியாருக்கும், இதே படர்தாமரை வந்தது. ஒரே வீடு, ஒரே வியாதி, என் கேப்சூலில் மீதி இருந்தது, அதையே கொடுத்தால் என்ன என்று வீட்டில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று நான் பிடிவாதமாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அத்தையின் மஞ்சப்பையை வாங்கி மேஜையில் அப்படியே கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்கம் இருக்கிற பெயரைப் படித்துப் படித்து ஒதுக்கினார். பிரஷருக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். அப்புறம் குனிந்து அத்தையின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார், அழுத்திய குழி உடனே எழவில்லை. பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இதயத்தின் பம்பிங் குறைவு என்று இருந்தது. "உங்களுக்கு மருமகளோட மருந்து ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டார். இட்ராகொனசோல் இதயத்தின் சுருங்கும் வலுவைக் குறைக்கும், ஏற்கெனவே பலவீனமான இதயம் இருப்பவர்களுக்கு மூச்சிரைப்பும் கால் வீக்கமும் கூடிவிடும். அதுவும் இல்லாமல் கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கிற ஒரு நொதியை இது தடுத்து வைத்துவிடுகிறது, அதனால் கூடச் சாப்பிடும் மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். கொழுப்பு மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டின் இதோடு சேரவே கூடாது, அட்டோர்வாஸ்டாட்டினும் ஏறும், ஏறினால் தசை சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவு வரும் ஆபத்து உண்டு.

அத்தைக்குக் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை இரண்டும் எடுத்த பிறகு டெர்பினாஃபின் என்ற வேறொரு பூஞ்சை மாத்திரையும் ஒரு பூச்சு மருந்தும் கொடுத்தார். இதில் சில பேருக்கு நாக்கில் ருசி தெரியாமல் போகும், அப்படி ஆனால் உடனே வாங்க என்றும் சொல்லி அனுப்பினார். இந்தியாவில் இப்போது பரவுகிற படர்தாமரைக் கிருமியில் டெர்பினாஃபினுக்கு அடங்காத வகை நிறைய, அதனால் அவருக்குக் குணமாக என்னைவிட ரொம்ப நாள் பிடித்தது. பிடித்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

எனக்கும் மருந்து ஆரம்பிக்கும் முன்பே கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், நடுவிலும் எடுத்தார்கள். வயிறு கொஞ்சம் உப்பினதும் எப்போதாவது தலைவலியும் தவிர எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, சோற்றைப் பார்த்தாலே குமட்டினாலோ அடுத்த வேளை மருந்தைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு மாத்திரையையும் தொடர்வார்கள், அது ஆபத்து. கால் மரத்துப் போவது, காது கேட்பது குறைவது, திடீரென மூச்சு வாங்குவது இவை வந்தாலும் மருந்தைப் போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். குழந்தை உண்டாக வாய்ப்பிருக்கும் பெண்கள் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து முடிந்த பிறகும் 2 மாதம் வரை கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ட்யூப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டும் கலந்த ட்யூப்கள் அவை. பூசின உடனே நமைச்சல் அடங்கும், அதுதான் அதன் வசியம். உள்ளே கிருமி பாட்டுக்கு வளர்ந்து வட்டம் உருமாறிப்போய் டாக்டருக்கே கண்டுபிடிக்கச் சிரமமாகிவிடும், தோல் மெலிந்து வரிவரியாக விழும். 2018இலேயே இந்த ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

தோல் சுத்தமான பிறகும் இரண்டு வாரம் விடாமல் தொடரச் சொன்னார் டாக்டர், பூச்சையும் வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை தடவச் சொன்னார். நமைச்சல் நின்ற அன்றைக்கே நிறுத்துகிறவர்களுக்குத்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது. துண்டும் பாவாடையும் ஆளுக்குத் தனி, வெந்நீரில் துவைத்து உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயப்போடுவோம். சேலத்து வெயிலுக்கு அது சுலபம். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் மழைக்காலத்தில் துணி காயவே காயாது, அவள் தையல் மடிப்பு ஒவ்வொன்றையும் சூடாக இஸ்திரி போட்டுத்தான் உடுத்துகிறாள்.

கடைசியாக, கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வேறு அட்டையைக் கொடுத்தால் நின்று படித்துப் பாருங்கள். சாதாரண இட்ராகொனசோல் 100 மி.கி. ஒரு ரகம், உடம்பில் அதிகம் சேருகிற மாதிரி செய்த சூப்பர் பயோஅவைலபிள் என்று இன்னொரு ரகம். அதில் 50 மி.கி. கிட்டத்தட்ட பழைய 100க்குச் சமம். 100க்கு 100 என்று மாற்றிக்கொண்டால் இரண்டு மடங்கு மருந்து போய்விடும். ஒருமுறை எனக்கே அப்படி மாற்றிக் கொடுக்கப் பார்த்தார்கள். வாங்காமல் திரும்பி வந்து, அட்டையைப் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிக் கேட்டு, அடுத்த நாள் பழைய ரகம் இருக்கிற கடையாகத் தேடி வாங்கினேன்.