சாய்ந்த உருண்டை எழுத்து: நுனிட்டோ, ரூபிக், காதம் ரவுண்டட்

தடித்த உடல், உருண்ட முனை, வலப்பக்கச் சாய்வு. இந்த மூன்றும் சேர்ந்த ஃபாண்ட் தேடினால் கையில் சிக்குவது கொஞ்சம்தான். வரேலா ரவுண்ட், ஃப்ரெடோகா இரண்டும் அழகான உருண்டை எழுத்துகள். ஆனால் அவற்றுக்கு இட்டாலிக், அதாவது சாய்ந்த வடிவம், வரையப்படவில்லை.

"இட்டாலிக் பட்டனை அழுத்தினால் சாய்கிறதே?" என்று கேட்கலாம். அது மென்பொருள் நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளுவது. ஆங்கில 'ஓ'வைப் பாருங்கள்: தள்ளியதும் வலது மேல் ஓரமும் இடது கீழ் ஓரமும் தடிக்கும், மற்ற இரண்டு ஓரமும் மெலியும். மெல்லிய எழுத்தில் இது கண்ணில் படாது. போல்டில் உடனே உறுத்தும். அரைவட்டமாக இருந்த முனைகளும் ஒரு பக்கம் நசுங்கிவிடும். உருண்டை எழுத்தின் உயிரே அந்த முனைதான். அதனால் இட்டாலிக் தனியாக வரையப்பட்டதையே எடுங்கள் என்பேன்.

அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு நுனிட்டோ. எழுத்து வடிவமைப்பாளர் வெர்னன் ஆடம்ஸ் தொடங்கியது, பிறகு ஜாக் லெ பாயி விரித்தெடுத்தது. தடிமன் 200 (மெல்லியது) முதல் 1000 (மிகத் தடித்தது) வரை போகிறது, இட்டாலிக்கிலும் அப்படியே. முனைகள் முழுசாக உருண்டவை. குழந்தைகளுக்கான செயலி, தின்பண்டப் பொட்டலம், தள்ளுபடி அறிவிப்பு என்றால் யோசிக்காமல் இதை வைக்கலாம். இலவசம் என்பது கூடுதல் வசதி.

ரூபிக் வேறு குணம். ரூபிக் கனசதுரத்துக்கான ஒரு கண்காட்சிக்காகப் பிறந்ததால் எழுத்தின் உடம்பு சதுரம், மூலை மட்டும் லேசாக மழுங்கியிருக்கும். அதன் 900 தடிமன் இட்டாலிக்கை வைத்தால் விளையாட்டு ஜெர்சிக்கும் போட்டிச் சுவரொட்டிக்கும் நல்ல வேகம் கிடைக்கிறது. ஆனால் கொஞ்சல் வேண்டிய இடத்தில் இது விறைப்பாகத் தெரியும். இதுவும் இலவசம்தான்.

காதம் ரவுண்டட் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அகலமான, நிதானமான எழுத்து, இட்டாலிக்கும் உண்டு. நிறுவன லோகோவுக்கு மூன்றில் இதுவே பக்குவமானது. போல்டுக்கு மேல் தடிமன் இல்லை என்பதால் பெரிய விளம்பரத் தட்டியில் நுனிட்டோ அளவுக்குக் கனம் வராது.

எதை எடுத்தாலும் தலைப்பு, பொத்தான், நாலைந்து சொல் வாசகம், அவ்வளவோடு நிறுத்துங்கள். பத்தி முழுக்கத் தடித்துச் சாய்ந்தால் எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு கண் களைத்துப்போகும்.

சரி, தமிழ்? மூன்றிலும் தமிழ் எழுத்து கிடையாது. பக்கத்தில் வைக்க ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனத்தின் பலூ தம்பி பொருந்தும். அதே உருண்டை, அதே கனம். அதற்கு இட்டாலிக் இல்லை, அது குறையாகவும் எனக்குப் படவில்லை. 'ண', 'ழ' போன்ற எழுத்துகளின் சுழிகளைத் தள்ளிச் சாய்த்தால் சொல்லே நிலைகுலைகிறது. ஆங்கிலம் சாயட்டும், தமிழ் வரியை நேராகவே நிறுத்தி நிறத்தை மாற்றிப் பாருங்கள்.