வயர்ஷார்க்: கறுப்பு வரியைக் கண்டதும் பதற வேண்டாம்

நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று யாராவது புலம்பினால் எனக்கு முதலில் கை போவது வயர்ஷார்க்குக்குத்தான், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, பிடித்துக் காட்டும் மென்பொருள் அது. 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈதரியல் என்று வெளியிட்டார், 2006இல் பெயர் மாறியது, இன்றுவரை இலவசம். காசு கொடுத்து வாங்கும் கருவிகளைவிட இதைத்தான் நம்புவேன். ஆனால் டிசிபி ரீட்ரான்ஸ்மிஷன் (பதில் வராத பாக்கெட்டை மறுபடி அனுப்புவது) என்று அது சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகக் கூடாது.

கேப்சரை, அதாவது பிடித்து வைத்த கோப்பை, திறந்தால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வரிகள் கண்ணில் குத்தும், உடனே பாதிப் பேர் 'பாக்கெட் லாஸ்', வழியில் தொலைகிறது என்று இணைய லைன்காரருக்குப் போன் போட்டுவிடுவார்கள். ரீட்ரான்ஸ்மிஷன் என்று எந்தப் பாக்கெட்டுக்குள்ளும் எழுதியிருக்காது. சீக்வென்ஸ் எண் (வரிசை எண்), ஆக் (கிடைத்தது என்று எதிர்முனை அனுப்பும் ஒப்புதல்), நேர இடைவெளி இவற்றை வைத்து வயர்ஷார்க் ஊகித்து ஒட்டும் லேபிள் அது.

ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு கொடுத்தார்கள், ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு வரி ரீட்ரான்ஸ்மிஷன். அவ்வளவு லாஸ் இருந்தால் டவுன்லோடு நகரவே நகராது, இங்கே ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வரிகளின் ஐபி ஹெடரையும் (பாக்கெட்டின் முகவரித் தலைப்பு) விரித்தால் ஐடென்டிஃபிகேஷன் எண் ஒன்றே, நடுவில் சில மைக்ரோசெகண்ட்தான். நிஜமாகவே மறுபடி அனுப்பியிருந்தால் பொதுவாக அந்த எண் புதிதாக இருக்கும். சுவிட்சின் மிரர் போர்ட் (கண்காணிக்கப் பிரதி தரும் போர்ட்) ஒரே பாக்கெட்டை உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை எனப் பிரதி எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வயர்ஷார்க்கோடு கூடவே வரும் எடிட்கேப் கருவியில் டூப்ளிகேட் நீக்கும் வசதியைப் போட்டதும் கறுப்பெல்லாம் காணாமல் போனது.

'ஆக்டு அன்சீன் செக்மென்ட்' (பார்க்காத துண்டுக்கு ஆக்) என்று வந்தாலும் இதே கதைதான்: எதிர்முனை வாங்கிக்கொண்டேன் என்கிறது, உங்கள் கோப்பில் அந்தப் பாக்கெட் இல்லை, அப்படியென்றால் கோட்டை விட்டது கேப்சர்.

நிஜ லாஸிலும் ரகம் உண்டு. டூப்ளிகேட் ஆக் (அதே ஆக் திரும்பவும்) வரிசையாக வந்து விட்டுப்போன செக்மென்ட் சட்டென்று மறுபடி போனால் ஃபாஸ்ட் ரீட்ரான்ஸ்மிஷன், எப்போதாவது வந்தால் பயனருக்குத் தெரியவே தெரியாது. டைம்அவுட்தான், ஆக் வராமல் காத்திருந்து நேரம் தீர்ந்து மறுபடி அனுப்புவதுதான், வில்லன். லினக்ஸில் ஆர்டிஓ (அந்தக் காத்திருப்பு நேரம்) இயல்பாக 200 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காது, ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிக்கும், ஆகவே டெல்டா நேரத்தில் (முந்தைய பாக்கெட்டிலிருந்து உள்ள இடைவெளி) 200, 400, 800 என்று ஏறினால் திரை உறைந்த இடம் அதுதான். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். அதற்கு டிசிபிடிரேஸ் கிராஃப் (சீக்வென்ஸ் எண்ணை நேரத்தோடு வரையும் படம்) அருமை, மெனுவில் இன்னும் முன்னால் வைத்திருக்கலாம்.

எந்த முனையில் பிடித்தது என்பதும் வயர்ஷார்க்குக்குத் தெரியாது, நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும். பெறும் பக்கத்துக் கோப்பில் அசலும் மறு அனுப்புதலும் இரண்டுமே இருந்தால் பாக்கெட் பத்திரமாக வந்துவிட்டது, தொலைந்தது அல்லது தாமதமானது ஆக். முடிந்தால் இரு முனையிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள்.

குறை என்றால், ஜிபி கணக்கில் கோப்பைத் திறந்தால் ரேமை விழுங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும். நீண்ட நேரம் பிடிக்க டம்ப்கேப்பில் (பிடிக்க மட்டும் உள்ள துணைக் கருவி) ரிங் பஃபர் (பழைய கோப்பை அழித்துப் புதியதை எழுதும் முறை) போட்டு, சின்னச் சின்னக் கோப்பாக வெட்டிக்கொள்ளுங்கள்.