பெரம்பூரில் கைமாறிய வால்வு ஆம்ப்

இந்தத் தடவை சென்னையில் மூன்று வாரம். ஒரு கல்யாணம், பல் டாக்டர், பாங்கில் அப்பாவின் கணக்கு என்று வேலைகள் இருந்தன. ஆனால் அதிகம் அலைந்தது ஒரு கிட்டார் ஆம்புக்காகத்தான், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிக்காக.

2019-ல் லண்டனிலிருந்து கொண்டுபோன ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் ஒன்று அம்மா வீட்டில் என் பழைய அறையில் இருந்தது. 15 வாட், ஒற்றை ஸ்பீக்கர், எதிரொலி மாதிரி ஒலியை நீட்டும் ஸ்பிரிங் ரிவெர்ப். வருடத்துக்குச் சில வாரம் வாசிக்க அது தாராளம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பெரம்பூரில் ஓர் அங்கிள் வீட்டில் வாட்கின்ஸ் டாமினேட்டர் இருக்கிறது என்று நண்பன் சொன்னதும் மனசு கேட்கவில்லை. ஜூனியரைக் கொடுத்து அதை வாங்கலாம் என்று போனேன்.

டாமினேட்டர், சார்லி வாட்கின்ஸ் லண்டனில் 1950-களின் கடைசியில் கொண்டுவந்த வால்வு ஆம்ப். வால்வு என்றால் டிரான்சிஸ்டருக்கு முன்னால் பழைய ரேடியோக்களில் இருந்த, பல்பு மாதிரியான கண்ணாடிக் குழாய். முகப்பு தட்டையாக இருக்காது. பாதி திறந்த புத்தகத்தை முதுகு முன்னால் வரும்படி நிறுத்தியது போல நடுவில் துருத்திக்கொண்டு இருக்கும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 10 அங்குல ஸ்பீக்கர். மார்ஷல் 1965 வாக்கில் செய்த 18 வாட் ஆம்பின் சர்க்யூட் இதற்கு நெருங்கிய சொந்தம் என்பார்கள். நான் வசிக்கும் ஊரில் செய்த பொருளை, நான் பிறந்த ஊரில் போய்ப் பிடித்தேன்.

அங்கிள் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். ஒரு காலத்தில் டான்ஸ் நிகழ்ச்சிகளுக்கு வாசித்திருக்கிறார், இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும். "ஸ்விட்ச் போட்டா ஊம்னு ஒரு சத்தம். ஃபாதர் பேசறதே கேக்கல. உன்னோடது ஒழுங்கா வேலை செய்யுதில்ல, அது போதும் எனக்கு" என்றார். லண்டனில் இது என் ஜூனியரை விட நல்ல விலை போகும் என்று சொல்லிவிட்டேன். மறைத்து வாங்கினால் ராத்திரி தூக்கம் வராது. அவர் பணம் வேண்டாம் என்றார். ஆன்ட்டி வேண்டும் என்றார். மேலே 20,000 ரூபாய் கொடுத்தேன். பிளம் கேக்கும் கிடைத்தது.

அந்த ஊம் சத்தத்துக்கு வைத்தியம் பார்ப்பதுதான் பெரிய கதை. முதலில் போனது ஏசி போட்ட ஒரு சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம். ரசீது, டோக்கன், எஸ்எம்எஸ் எல்லாம் பிரமாதம். நான்கு நாள் கழித்து, "இதுக்கு போர்டு வராது சார். உள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு டிரான்சிஸ்டர் போர்டு போட்டுடலாம்" என்றார்கள். பார்த்ததற்கு 500 ரூபாய். பின்பக்க ஸ்குரூவில் தூசிகூடக் கலையவில்லை.

அப்புறம் ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். வண்டி எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். மொபைல் கவர் விற்கும் கடைகளில் வால்வு என்று கேட்டால் குழாய்க் கடையைக் காட்டுகிறார்கள். கண்டென்சர் விற்கும் ஒரு பெரியவர்தான் புரிந்துகொண்டு, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ரேடியோ மெக்கானிக் வீட்டுக்கு வழி சொன்னார்.

மெக்கானிக்குக்கு எழுபது வயதுக்கு மேல். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்க மர ரேடியோக்கள். ஆம்பைத் திறந்ததும் கையை உள்ளே விடவில்லை. ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கண்டென்சரில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கி, மீட்டரில் பார்த்து, அதற்கப்புறம்தான் தொட்டார். "பிளக்கைப் புடுங்கிட்டா செத்துடுச்சுன்னு நெனைக்காத தம்பி. முந்நூறு வோல்ட் உள்ளயே உக்காந்திருக்கும்."

கோளாறு அவர் எதிர்பார்த்த இடத்தில்தான்: பவர் சப்ளையில் அந்த ஊம் சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்து போயிருந்தது. அறுபது வருடம் தாங்கியதே பெரிது. ரிச்சி தெருவில் 100 மைக்ரோஃபாரட் (கண்டென்சர் எவ்வளவு தேக்கும் என்ற அளவு) போடச் சொன்னார்களே என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ஏசியை டிசி ஆக்குகிற இ.இசட். 81 வால்வு 50-க்கு மேல் தாங்காதாம். ஸ்விட்ச் போடும்போதெல்லாம் அதன் உயிர் போகும். 33 மைக்ரோஃபாரட், 450 வோல்ட்டில் இரண்டு போட்டார். இரண்டு முனை ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எர்த் சேர்த்து மூன்று முனை ஒயர். இதைச் செய்யாமல் ஆம்பைத் தரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சரியான ஆள்.

வால்வுகளைத் துடைத்துப் பார்த்தபோது ஒரு ஆச்சரியம். ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு இ.எல். 84-ல் ஒன்று இங்கிலாந்தின் முல்லார்ட். இன்னொன்று பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது. ஜூனியரிலும் இதே ரகம்தான். ஆகவே அங்கிளிடம் போன் செய்து, அதிலிருந்த இரண்டையும் ஒரு மணி நேரம் கடன் வாங்கி வந்து மாட்டிப் பார்த்தோம். சத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை. பழையதே இருக்கட்டும் என்று மெக்கானிக் விட்டுவிட்டார். சாமானுக்கு 640, கூலி 1,200. அதிகம் கொடுத்தேன், திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே அவர் ஈயம் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. இந்த ஆம்பில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். ரிவெர்ப் போனதில் எனக்கு வருத்தம் உண்டுதான். ஆனால் டிரெமலோ இருக்கிறது. ஒலி ஏறி இறங்கி அலை மாதிரி ஆடும்.

திரும்பும்போது 23 கிலோ பெட்டி ஒன்று முழுக்க ஆம்புக்கே போனது. அம்மாவின் வடகம் நின்றுவிட்டது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. வால்வுகளைக் கழற்றி, பஞ்சு சுற்றி, எவர்சில்வர் சம்படத்தில் கைப்பையில் வைத்தேன். விமான நிலையச் சோதனையில் திறக்கச் சொன்னார்கள். இளைஞர் ஒருவர், "என்ன சார், பல்பா?" என்றார். ரேடியோ வால்வு என்றதும் பக்கத்திலிருந்த மூத்தவர் எட்டிப் பார்த்து, "எங்க தாத்தா வீட்ல இருந்துச்சு" என்று மூடியை அவரே மூடிக் கொடுத்தார். லண்டனில் 390 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள பொருள் என்றால் சொல்லி வரி கட்ட வேண்டும். கட்டிவிட்டேன்.

வீட்டில் மாட்டினால் டிரெமலோ வேலை செய்யவில்லை. மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினேன். "ஓரத்துல இருக்கிற சின்ன வால்வு சரியா உக்காரல பாரு. ஆஃப் பண்ணிட்டு அழுத்து" என்றார். அழுத்தினேன். ஆடியது. எவ்வளவு அனுப்பட்டும் என்று கேட்டேன்.

"பணம் வேணாம் தம்பி. அடுத்த வாட்டி வரச்சொல்ல ரெண்டு இ.எல். 84 எடுத்தா. இங்க ஒரு ரேடியோ காத்துக்கினு இருக்கு."